பிப் கற்ற சொற்கள்

(ஒரு நகர நூலகத்தின் வாசகர் வட்டத்தில், கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், ஏழாம் அத்தியாயத்தில், பிப் என்ற சிறுவன் கணப்படுப்பின் அருகே உட்கார்ந்து கற்பலகையில் ஒரு கடிதம் எழுதுகிறான். கடிதம் யாருக்கு? பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அக்காள் கணவர் ஜோவுக்கு. பிழையில்லாத சொல்லை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜோ கொல்லர். இரும்பு அவர் கைக்கு வளையும், எழுத்து வசப்படவில்லை. பலகையை வாங்கிப் பார்த்து, இந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய படிப்பாளி என்று மனதார வியக்கிறார். அந்தக் கடிதத்தில் அவரால் அடையாளம் காண முடிந்தவை தம் பெயரில் வரும் ஜே என்ற எழுத்தும் ஓ என்ற எழுத்தும்தான்.

உயர்நிலை ஆங்கிலச் சொற்களை ஒரு செவ்வியல் நாவலின் வழியாகக் கற்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ நாவல்கள் இருக்க, நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இது ஒருவன் சொற்களைக் கற்ற கதை என்பதுதான். எழுத்துக்கூட்டத் தெரியாத பையன் முதலில் எழுத்தைக் கற்கிறான், பிறகு சொல்லைக் கற்கிறான். சொல்லோடு சேர்ந்து வெட்கத்தையும் கற்கிறான், அகந்தையையும் கற்கிறான். கடைசியில், வளர்ந்து மனம் திருந்திய பிறகு, தான் கற்ற அத்தனை சொற்களையும் கொண்டு நமக்குத் தன் கதையைச் சொல்கிறான்.

உங்களில் பலர் ஜிஆர்இ, ஐஇஎல்டிஎஸ், வங்கித் தேர்வு என்று ஏதோ ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். கையில் ஒரு சொற்பட்டியல் இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். நாளுக்கு இத்தனை என்று உருப்போடுவீர்கள். பட்டியலை நான் இகழ மாட்டேன். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். மண்டல புருடர் அதை விருத்தப்பாவில் பாடிவைத்தது நாவில் நிற்பதற்கு வசதியாக இருந்தது. ஆனால் கற்றவர்கள் நிகண்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆசிரியரிடம் போய் நூல்களைப் பாடம் கேட்டார்கள். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று செய்யுள் செய்யுளாகப் போகும்போதுதான் நிகண்டில் உருப்போட்ட சொல் தன் இடம் பார்த்து உட்கார்ந்தது. ஆங்கிலம் கற்பதில் நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டுவிட்டோம். என் வருத்தமெல்லாம் அதுதான்.

அகராதிகள் உருவான விதத்தைப் பாருங்கள். சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி 1755-இல் வெளிவந்தது. அதற்காக அவர் புத்தகம் புத்தகமாகப் படித்தார். படிக்கும்போதே சொற்களின் கீழே கோடு போட்டுக்கொண்டு போவார். அந்த வாக்கியங்களை எழுத்தர்கள் பெயர்த்து எழுதுவார்கள். 40,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இப்படிச் சேர்ந்தன. ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்து வளர்த்து, அவர் மறைவுக்குப் பிறகு 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கும் அடிப்படை, தன்னார்வ வாசகர்கள் புத்தகங்களிலிருந்து எடுத்து அனுப்பிய சீட்டுகள். அதில் டிக்கன்ஸிடமிருந்து வந்த மேற்கோள்கள் ஏராளம். நம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும் சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நில்லாமல், அது எந்த நூலில் வழங்கியது என்று காட்டுகிறது. பொருளைச் சொன்னவர்கள் எல்லோரும் முதலில் வாசித்தவர்கள். அவர்கள் வாசித்ததிலிருந்து வடித்ததை நாம் பட்டியலாக வாங்கிக்கொள்கிறோம். வடித்தபோது எது போனது என்று கேட்க வேண்டாமா?

அதைக் காட்ட எட்டாம் அத்தியாயத்துக்குப் போகிறேன். பிப் முதன்முறையாக சாட்டிஸ் ஹவுஸ் என்ற மாளிகைக்குப் போகிறான். திருமண நாளன்று கைவிடப்பட்ட மிஸ் ஹவிஷாம், மணக்கோல உடையைக் கழற்றாமல், கடிகாரங்களையெல்லாம் அந்த நேரத்திலேயே நிறுத்திவிட்டு வாழ்கிற வீடு. தான் வளர்க்கும் எஸ்டெல்லா என்ற பெண்ணோடு சீட்டாடும்படி அவள் பிப்பிடம் சொல்கிறாள். நாம் 'ஜாக்கி' என்கிறோமே, அந்தச் சீட்டை பிப் தன் ஊர் வழக்கப்படி 'ஜாக்' என்கிறான். மேட்டுக்குடியினர் அதற்குச் சொல்வது 'நேவ்'. ஆட்டம் முடிவதற்குள் எஸ்டெல்லா அதைச் சொல்லிக்காட்டி ஏளனம் செய்துவிடுகிறாள். அவன் கைகள் முரடாக இருப்பதையும், பூட்ஸ் தடிமனாக இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி எந்த நினைப்பும் இல்லாதிருந்த பையன் வெளியே வந்து அவற்றைப் பார்க்கிறான். அந்தச் சீட்டை ஜாக் என்று சொல்ல ஜோ தனக்கு ஏன் கற்றுத்தந்தார் என்று கேட்க நினைக்கிறான். ஒரே ஒரு சொல்! வளர்த்து ஆளாக்கிய மனிதர்மேல் ஒரு பிள்ளைக்கு முதன்முதலாகக் குறை தோன்றுகிறது.

'ஜாக்', 'நேவ்' இரண்டுக்கும் பட்டியலில் பொருள் ஒன்றுதான். ஒன்றைச் சொல்பவர் யார், மற்றதைச் சொல்பவர் யார், யார் முன்னால் எதைச் சொன்னால் தலை குனிய நேரும் என்பது பட்டியலில் இல்லை. நம் ஊரில் ஆங்கிலம் பேசும்போது ஒரு சொல் பிசகியதற்காக உள்ளுக்குள் கூசிப்போகாதவர் யாராவது இந்த அவையில் இருப்பாரா? அந்தக் கூச்சத்தை 1860-லேயே ஓர் ஆங்கிலேயர், ஓர் ஆங்கிலச் சிறுவனின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதியிருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று ஆங்கிலம் பேசும் உலகெங்கும் அந்தச் சீட்டின் பெயர் ஜாக். நேவ் என்று சொல்பவரைப் பார்ப்பது அரிது. கொல்லுப்பட்டறைப் பையன் சொன்ன சொல்தான் வென்றது.

அன்று பிப்பின் மனதில் தைத்த இரண்டு சொற்கள் 'கோர்ஸ்', 'காமன்'. இரண்டும் எளிய சொற்கள். முதல் சொல்லுக்கு முரடு என்றும், இரண்டாவதற்குப் பொது என்றும் பள்ளியிலேயே படித்திருப்போம். அந்த எளிய சொற்களுக்குள் ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் அடங்கியிருப்பதை அத்தியாயம் அத்தியாயமாக அவை திரும்பி வரும்போதுதான் உணர்கிறோம். நான் காமன் என்று பிப் ஜோவிடம் அழாக்குறையாகச் சொல்கிறான். ஜோ தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. முடிசூடிய அரசரும் இளவரசராக இருந்தபோது முதல் எழுத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கல்வியைப் பற்றிச் சொன்ன இந்த விஷயத்தை எந்தப் பயிற்சி மையமும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

இப்போது கடினமான சொல் ஒன்றைப் பார்ப்போம்: 'ரிபக்னன்ஸ்'. தேர்வுப் பட்டியல்களில் இருக்கும். அருவருப்பு, கடும் வெறுப்பு என்று பொருள் போட்டிருப்பார்கள். நாவலின் 39-ஆம் அத்தியாயத்தில் புயலும் மழையுமான ஓர் இரவு. பிப்புக்கு வயது 23. லண்டனில் கனவானாக வாழ்கிறான். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அனுப்பும் பணம் அவனை அப்படி ஆக்கியிருக்கிறது. மிஸ் ஹவிஷாம்தான் அந்தப் புரவலர் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அன்றிரவு மாடிப்படியில் ஏறி வருகிறவர் மேக்விச். சிறு வயதில் சதுப்பு நிலக் கல்லறை மேட்டில் பிப் யாருக்குப் பயந்துபோய் உணவும் அரமும் திருடிக்கொண்டுபோய்க் கொடுத்தானோ, அந்தத் தப்பியோடிய கைதி. நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்டவர், அங்கே ஆடு வளர்த்துச் சம்பாதித்த காசையெல்லாம் இந்தப் பையனைக் கனவானாக்கச் செலவிட்டிருக்கிறார். இங்கிலாந்துக்குத் திரும்பினால் மரண தண்டனை என்று தெரிந்தும் அவனை ஒருமுறை பார்க்க வந்திருக்கிறார். கைகளை நீட்டுகிறார். பிப்புக்கு எழும் உணர்ச்சியைச் சொல்லும் இடத்தில் டிக்கன்ஸ் மூன்று சொற்களை அடுக்குகிறார்: வெறுப்பு, அச்சம், கடைசியில் ரிபக்னன்ஸ். கொடிய விலங்கைக் கண்டவன்போல உடல் ஒடுங்கிப் பின்வாங்குவதை அந்தச் சொல்லோடு சேர்த்தே சொல்லிவிடுகிறார். அகராதியைப் புரட்டாமலே பொருள் உடம்பில் ஏறிவிடுகிறது.

கதை ஓடுகிறது. 54-ஆம் அத்தியாயத்தில் மேக்விச்சைத் தேம்ஸ் நதி வழியே நாட்டைவிட்டுத் தப்புவிக்க முயன்று, முடியாமல் போய், காயம்பட்டு விலங்கிடப்பட்டுக் கிடக்கும் அவர் அருகில் பிப் உட்காருகிறான். அங்கே அதே சொல் மறுபடி வருகிறது. அது உருகிப் போய்விட்டது என்று சொல்வதற்காக வருகிறது. அவன் கை அவர் கைக்குள் இருக்கிறது. 15 அத்தியாயங்களைக் கடந்து ஒரு சொல் திரும்பி வரும்போது, அது மறைவதைக் கண்டு நமக்குக் கண் கலங்குகிறது. இப்படிக் கற்ற சொல்லை ஒருவர் மறப்பாரா?

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. இந்த நாவலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். கற்பலகையில் பிழையாகக் கிறுக்கிய பையனுக்கு ரிபக்னன்ஸ் போன்ற சொற்கள் எங்கிருந்து வந்தன? அவனைப் படிக்க வைத்தது யார் பணம்? மேக்விச்சின் பணம். அந்த மனிதரை அருவருக்க அவனுக்குக் கிடைத்த சொல்லே அந்த மனிதர் ஆடு மேய்த்த காசில் வாங்கியது. மேக்விச் பேசும் ஆங்கிலமோ கொச்சை. பிப்பை அயல்மொழிப் புத்தகம் ஒன்றை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒரு சொல்லும் புரியாமல், கணப்படுப்பின் முன் நின்று பூரித்துப்போகிறார். நம் வீடுகளில் எத்தனை அப்பாக்கள், எத்தனை அம்மாக்கள், பிள்ளை ஆங்கிலத்தில் பேசுவதை இப்படி நின்று கேட்டிருக்கிறார்கள்! முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த இந்த அவையில் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

27-ஆம் அத்தியாயத்தையும் விட்டுவிட மனமில்லை. ஜோ லண்டனுக்கு வருகிறார். அவர் வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும் பிப்புக்கு மகிழ்ச்சி இல்லை. தன் மனநிலையை அவன் துல்லியமாகப் பிரித்துச் சொல்கிறான்: கணிசமான கலக்கம், கொஞ்சம் 'மார்ட்டிஃபிகேஷன்', அதோடு 'இன்காங்ருவிட்டி' பற்றிய கூரிய உணர்வு. முதலாவது, பிறர் முன் கூனிக் குறுகும் அவமான உணர்ச்சி. அடுத்தது, இடத்துக்குப் பொருந்தாமை. பிறகு ஜோ வந்து உட்கார்கிறார். கழற்றிய தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்க, அது விழுந்துகொண்டே இருக்கிறது. வாய்க்கு வாய் 'சார்' என்கிறார். நடுவில் மறந்து 'பிப்' என்கிறார். இரண்டு பெரிய சொற்களுக்கும் அந்தத் தொப்பியே உரை எழுதிவிடுகிறது.

சரி, இவ்வளவு சொன்னபின் அளவு பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நாவலைப் படித்தால் சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளுமா?

1978-இல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அந்தோணி பர்ஜஸ் 1962-இல் வெளியிட்ட 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் இளைஞர்கள் பேசும் ஒரு கற்பனைக் கொச்சை உண்டு. பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து செய்த சொற்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம், சொல்லடைவு இல்லாத பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு முன்னறிவிப்பின்றி 90 சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரி மதிப்பெண் 76 விழுக்காடு. மிகவும் உற்சாகம் தந்த முடிவு அது.

1998-இல் ஹார்ஸ்ட், காப், மீரா என்பவர்கள் ஓமன் நாட்டு மாணவர்களிடம் இதே வகையான சோதனையைச் செய்தார்கள். தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' நாவலின் எளிமையாக்கிய பதிப்பை ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படிக்க, மாணவர்கள் கூடவே புத்தகத்தில் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முழுப் புத்தகமும் முடிந்தபோது ஒருவர் புதிதாகக் கற்றது சராசரியாகச் சுமார் 5 சொற்கள். பல முறை திரும்பி வந்த சொற்களே அதிகம் பதிந்தன.

ஏன் இந்த வேறுபாடு? முதல் சோதனையில் சுற்றியிருந்த மொழி முழுவதும் வாசகர்களின் தாய்மொழி. தெரியாத சொற்கள் கொஞ்சம், அவையும் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டாவது கூட்டத்துக்குச் சுற்றிலும் இருந்ததே கற்றுக்கொண்டிருக்கும் மொழி. நாம் இரண்டாவது கூட்டம். ஆகவே ஒரு நாவல் முடித்தால் ஆயிரம் சொல் வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாவல் ஆழத்தைத் தரும். எண்ணிக்கைக்குப் பட்டியல் இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகட்டும்.

இன்னொரு கணக்கும் உதவும். ஒரு பக்கத்தைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொண்டு படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவு ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் அளவு. 300 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாதவை 6 இருக்கலாம். நூலகத்தில் நாவலை எடுத்து நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். 6, 8 என்றால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். 25 வந்தால் அந்தப் புத்தகத்தை இப்போது வைத்துவிடுங்கள். ஆர்.கே. நாராயணனையோ ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' நாவலையோ முதலில் படியுங்கள். டிக்கன்ஸ் எங்கும் போய்விட மாட்டார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை; ஜோ சொன்ன அரசரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது முதல் முறை அகராதியைத் தொடாதீர்கள். கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும். தெரியாத சொல்லின் கீழே மெல்லிய கோடு போட்டுவிட்டுக் கதையோடு போய்விடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் கோடு போட்ட இடங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். பாதிக்கு மேல் பொருள் தானே பிடிபட்டிருக்கும், அல்லது தெரியாவிட்டாலும் குடி முழுகாது என்று புரிந்திருக்கும். இரண்டாவது முறை, மூன்றாவது முறை எதிர்ப்படும் சொல்லை மட்டும் அகராதியில் தேடுங்கள். எந்த நீண்ட நூலிலும் ஒரே முறை வந்துபோகும் சொற்கள் மிக அதிகம். அவற்றுக்கெல்லாம் நின்றால் கதை செத்துவிடும். கொல்லுப்பட்டறைக் கருவிகளின் பெயர், குதிரை வண்டி வகைகள், கைதிக் கப்பலுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் எல்லாம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் பாதகமில்லை. மனிதரின் மனத்தையும் நடத்தையையும் எடைபோடும் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவைதான் இன்றும் தலையங்கத்திலும் தீர்ப்புரையிலும் நேர்காணலிலும் புழங்குகின்றன.

அதோடு, தனி அறையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். டிக்கன்ஸ் மேடையேறித் தம் கதைகளை ஆயிரக்கணக்கானவர்கள் முன் படித்துக்காட்டியவர். செவிக்காக எழுதத் தெரிந்தவர். அவருடைய நீண்ட வாக்கியம் கண்ணுக்குச் சிக்கலாகத் தெரியும், குரலில் அவிழ்ந்துவிடும்.

கற்ற சொற்களையெல்லாம் உடனே எழுத்தில் கொட்ட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஆர்.கே. நாராயணன் 1906-இல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதில் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். தந்தை மைசூரில் தலைமையாசிரியர். அந்தப் பள்ளி நூலகம் மகனுக்குத் திறந்திருந்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறாமல்போன அந்த ஆண்டை அவர் வாசிப்பில் கழித்தார். டிக்கன்ஸையும் வால்டர் ஸ்காட்டையும் அப்படி ஆழ்ந்து படித்தவர் எழுதி 1935-இல் வெளிவந்த 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலில் எவ்வளவு தெளிந்த, எளிய ஆங்கிலம்! நூறு சொற்களின் எடை தெரிந்தவருக்குத்தான் அவற்றில் எந்த ஒன்று போதும் என்று தெரியும். விண்ணப்பக் கடிதத்திலும் அலுவலக மின்னஞ்சலிலும் விக்டோரியா காலத்துச் சொற்களை அடுக்கினால் படிப்பவர் மிரண்டுபோவார். சொல் உங்களுக்குள் இருக்கட்டும். தேவை வரும்போது அதுவே வரும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' சுமார் 1,85,000 சொற்கள் கொண்ட நாவல். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அது ஒரே மூச்சில் படிக்கவென்று எழுதப்படவில்லை. டிக்கன்ஸ் தாம் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்ற வார இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 வாரங்கள் தொடராக வெளியிட்டார். வாரத்துக்குச் சராசரியாக 5,000 சொற்கள். 'கல்கி' இதழில் பொன்னியின் செல்வனுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த குடும்பங்களில் வந்தவர்கள் நாம். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட பழக்கம் நமக்குப் புதிதல்ல. டிக்கன்ஸ் தம் வாசகர்களுக்குக் கொடுத்த அதே வேகத்தில் நாமும் படிக்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட நூல் என்பதால் குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. அடிக்குறிப்புகள் உள்ள பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

பதிப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த நாவலுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்ன யோசனையைக் கேட்டு, வெளியாகுமுன் அதை மாற்றி எழுதினார். நல்ல பதிப்புகளில் இரண்டும் இருக்கும். எது சரியான முடிவு என்பதில் விமர்சகர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் மனம் முதல் முடிவின் பக்கம்தான் சாய்கிறது. நீங்கள் மறுக்கலாம்; மறுக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அந்த வாதத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வோம். கர்வம், கழிவிரக்கம், நன்றி, குற்றவுணர்ச்சி, மன்னிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு அப்போது சொல் தேவைப்படும். 36 வாரங்களில் அவை உங்களிடம் வந்திருக்கும்.

இந்த வாசகர் வட்டத்தில் நாவல் வாசிப்பு வருகிற சனிக்கிழமை மாலை தொடங்குகிறது. டிக்கன்ஸின் இதழும் சனிக்கிழமைகளில்தான் வந்தது. முதல் வாரம் அவர் தந்தது இரண்டு அத்தியாயங்கள்; நாமும் அவற்றையே படிப்போம். ஆளுக்கொரு பென்சில் கொண்டு வாருங்கள். அகராதி நூலகத்து மேசையில் ஒன்று இருக்கும், கடைசி பத்து நிமிடத்துக்கு மட்டும்.